வீட்டில் தனியாக இருக்கும் நாய்க்கு எந்த மாதிரி உணவுப் பொம்மை வாங்கலாம்?

காலையில் இருவரும் வேலைக்குப் போன பிறகு நாய் கேட் அருகே நின்று குரைத்துக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உள்ளே தீனி வைத்து, நாய் தானே எடுத்துத் தின்னக் கொடுக்கும் உணவுப் பொம்மைகளில், கடையில் அழகாகத் தெரிபவற்றில் பாதியை இப்போதே கழித்துவிடலாம். தள்ளுகிற மூடி, இழுக்கிற தட்டு எல்லாம் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொடுப்பதற்கு. ஆளில்லாத நேரத்தில் அதைக் கடித்துப் பிரித்து, துண்டை விழுங்கி வைக்கும்.

தனியாக விடுவதற்கு உள்ளே குடைவான கெட்டி ரப்பர்தான் சரி. இதில் பழைய நிறுவனம் காங். கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்ட தன் ஜெர்மன் ஷெப்பர்டுக்காக அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர் தொடங்கியது. சிவப்பு சாதாரணக் கடிக்கு, கறுப்பு முரட்டுக் கடிக்கு. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து நாட்டு நாய்களுக்குக் கறுப்பையே சொல்வேன். (தாத்தா காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஊர், இன்று சுற்றிலும் செம்பனை, ரப்பர் பொம்மை ஷாப்பி இணையக் கடையில் வருகிறது.) எந்த நிறுவனத்தின் பொம்மையானாலும் முழுதாக வாய்க்குள் போகாத அளவு வேண்டும், இரண்டு பக்கமும் ஓட்டை வேண்டும். ஒரே ஓட்டை இருந்தால் காற்று இழுத்து நாக்கு மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், உங்கள் நாய் என்ன சாப்பிடுகிறது? உருட்டினால் கொட்டுகிற பந்துகள் நாய் பிஸ்கட்டுக்கென்றே செய்தவை. நம் வீடுகளில் பாதி நாய்கள் சோறு தின்று வளர்பவை. சோற்றைப் பந்தில் போட்டால் ஓட்டையில் அப்பிக்கொண்டு ஒன்றும் வராது. சோற்றுக்குக் குடைவு ரப்பர்தான். உப்பில்லாமல் அவித்த கோழி, எலும்பு எடுத்தது, கொஞ்சம் பூசணி, இவற்றைச் சோற்றோடு பிசைந்து அடைத்து இரவே ஃபிரீசரில் வையுங்கள். மிஞ்சிய கறிக்குழம்பை மட்டும் ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் டப்பாவில் சைலிடால் என்ற இனிப்பூட்டி போட்டிருக்கிறதா பாருங்கள். அது நாய்க்கு விஷம்.

நம் ஊர்த் தொல்லை எறும்பு. வீட்டு வாசலை ஒட்டிய அஞ்சடியில் பாதி தின்று விட்ட பொம்மைக்குள் சிற்றெறும்பு வரிசை கட்டிப் போகும், நாய் திரும்பி வந்து மூக்கை நுழைத்தால் கடி வாங்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது ஒரு முறை கொடுத்து, ஒரே மூச்சில் எவ்வளவு முடிக்கிறது என்று பாருங்கள். மற்ற நாளில் அந்த அளவே அடையுங்கள். கழுவ, பால் போத்தல் பிரஷ் போதும்.

முதல் சில நாள் உறைய வைக்காமல், லேசாக அடைத்துக் கொடுங்கள். எடுத்தவுடனே கஷ்டமாக இருந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே போட்டதைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குண்டாகிவிடும்.

நீங்கள் இருக்கும்போது ஆசையாகத் தின்றுவிட்டு, கிளம்பிய பிறகு தொடாமலே வைத்திருந்தால் அது சலிப்பு இல்லை, தனிமைப் பயமாக இருக்கலாம். அதற்குப் பொம்மை மட்டும் போதாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.