பெட்டி நிறைந்துவிட்டது, எப்போது பிரிப்பது?

பினாங்கின் பாலிக் புலாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஜாதிக்காய்த் தோப்பில் ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். எட்டுச் சட்டங்களும் நிறைந்துவிட்டன. மாலையில் தேனீக்கள் வாசலில் தாடிபோலத் தொங்குகின்றன. புதுப்பெட்டி வாங்கிவிட்டேன். நான்கு சட்டங்களை அதில் மாற்றி வைத்தால் போதுமா?”

போதாது. கொஞ்சம் பொறுங்கள். வெக்கை தாங்காமலும் தேனீக்கள் வாசலில் வந்து தொங்கும். கூட்டம் பிரியத் தயாராகிவிட்டதா என்பதை அடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதலில் ஆண் தேனீ அறைகளைத் தேடுங்கள். நம் நாட்டு அடுக்குத் தேனீயில் அவற்றின் மூடி சற்றே மேடாக, நடுவில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளையுடன் இருக்கும். பிறகு அடையின் கீழ்விளிம்பைப் பாருங்கள். ராணி அறைகள் தொங்கட்டான்போலத் தலைகீழாகத் தொங்கும். மூடிய புதிதில் நுனி வெளுப்பாக இருக்கும். ராணி முதிர முதிரப் பணித்தேனீக்கள் நுனி மெழுகைச் சுரண்டி எடுப்பதால், உள்ளே இருக்கும் பழுப்பு நிறக் கூடு தெரியும். அடுத்த ஓரிரு நாளில் ராணி வெளிவந்துவிடும். அந்தப் பழுப்பு நுனி தெரியும் நாள்தான் பிரிக்க ஏற்ற நாள்.

ராணி அறை இல்லாமல் பாதிப் பாதியாகப் பிரித்தால், ராணியில்லாத பாதி இளம்புழு ஒன்றை ராணியாக வளர்க்க முயலும். அந்த ராணி முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிவிடும். அதற்குள் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கினால் கூட்டம் வீணாகும். அடுக்குத் தேனீயில் இது சீக்கிரமே நடக்கும். அதனால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெயில் ஏறிய காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குங்கள். பழைய ராணி நிற்கும் சட்டத்தையும், புழு அடை இரண்டையும், தேனும் மகரந்தமும் உள்ள ஒன்றையும் புதுப்பெட்டிக்கு மாற்றுங்கள். அவற்றில் ராணி அறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய பெட்டியில் நல்ல ராணி அறைகள் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை நறுக்கிவிடுங்கள். நிறைய விட்டால் புது ராணியோடு இன்னொரு கூட்டம் கிளம்பிவிடும். ராணி அறையுள்ள சட்டத்தை உதறவோ சாய்த்து வைக்கவோ கூடாது. உள்ளே இருப்பது அவ்வளவு மென்மையானது.

வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். அதனால் பழைய பெட்டியை ஒரு முழம் இடப்பக்கமும், புதியதை ஒரு முழம் வலப்பக்கமும் வையுங்கள். இரண்டுக்கும் கூட்டம் பங்காகும். ஒன்றின் முகப்பில் நீலமும் மற்றதில் மஞ்சளும் பூசுங்கள். தேனீ இந்த இரு நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும்; இணைசேர்ந்து திரும்பும் புது ராணி வீடு மாறிப் போகாது. பழைய ராணியுள்ள பெட்டி வாசலுக்கு, பணித்தேனீ மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பை நான்கு நாள் போடலாம். புது ராணி வரவிருக்கும் பெட்டிக்கு ஒருபோதும் போடாதீர்கள். அவள் பறந்துபோய் இணைசேர வேண்டும்.

அதற்கு மழையில்லாத பிற்பகல் வேண்டும். ஒருமுறை அக்டோபரில் பிரித்தேன். தொடர்ந்து பத்து நாள் மழை. ராணி வெளியே போக வழியின்றி அந்தக் கூட்டமே அழிந்தது. அந்த வெற்றுப் பெட்டியைத் திறந்த நாளை நான் மறக்கவில்லை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்து, டுரியான் பூக்கும் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டிப் பிரியுங்கள்.

எறும்புக்காகப் பெட்டிக் கால்களைத் தண்ணீர் டின்னில் நிறுத்துகிறோம். அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும், அபராதமும் வரும். தண்ணீருக்குப் பதில் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள். டிங்கி ஒழிப்புக்குப் புகை அடிக்கப்போவதாகத் தெரிந்தால், முந்தைய இரவே வாசலைக் கம்பிவலையால் அடைத்து ஈரச்சாக்கு போர்த்திவிடுங்கள். புகை அடங்கியதும் திறங்கள். இதை மறந்தால் ஒரே நாளில் இரண்டு கூட்டமும் போய்விடும்.

முதல் வாரம் மாலைதோறும் சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகைப் பெட்டிக்குள் வையுங்கள். பழைய பெட்டியின் அடைகளை இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு வெயில் தோளுக்குப் பின்னால் விழும்படி நின்று அடையைத் தூக்கிப் பாருங்கள். அறையின் அடியில் வெள்ளை நூல் துணுக்குபோல முட்டை ஒன்றே ஒன்று நின்றால் ராணி வேலையைத் தொடங்கிவிட்டாள். ஒரே அறையில் மூன்று, நான்கு முட்டைகள் சுவரில் ஒட்டிக் கிடந்தால் அவை பணித்தேனீ இட்டவை. அப்போது தாமதிக்காமல், நடுவில் துளையிட்ட செய்தித்தாள் ஒன்றை விரித்து அந்தப் பெட்டியைப் பழைய ராணியின் பெட்டிமேல் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.