செயின்ட் மார்ட்டினில் கப்பல் நிற்கும் ஒரே நாளில் சும்மா உட்கார எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?

கேள்வி கேட்டவர் விவரம் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் க்ரூஸ், கரீபியன் தீவான செயின்ட் மார்ட்டினில் காலை எட்டு மணிக்கு நின்று மாலை ஐந்துக்குக் கிளம்பும், கூடவே வயதான அப்பா அம்மா. "ஊர் சுற்ற ஆசையில்லை, நல்ல மணலில் நிம்மதியாக உட்கார்ந்தால் போதும்" என்கிறார்.

கிரேட் பே. கப்பலை விட்டு இறங்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறதே, பிலிப்ஸ்பர்க் ஊரின் முன்னால் நீளும் அந்தக் கடற்கரைதான். இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் இந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு இரண்டு பயணம் ஆனது. அந்தக் கதையையும் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் நீங்களும் இணையத்தில் படம் பார்த்துவிட்டு வேறு எங்காவது ஓடுவீர்கள்.

முதல் முறை போனபோது அம்மா, மனைவி, ஆறு வயது மகள், நான். எக்செல் ஷீட் போட்டுத் திட்டமிடும் வியாதி எனக்கு உண்டு. காலையில் மாஹோ, மதியம் ஓரியன்ட் பே, மாலையில் கடைத்தெரு என்று எழுதி வைத்திருந்தேன்.

மாஹோவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இளவரசி யூலியானா விமான நிலையத்தின் ஓடுதளம் அந்த மணலுக்கு எதிரேதான் தொடங்குகிறது, நடுவில் ஒரு சாலையும் ஒரு வேலியும் மட்டும். இறங்கும் விமானம் தலையை உரசுவது போலப் போகும். முதல் விமானத்துக்கு மகள் துள்ளிக் குதித்தாள். இரண்டாவதுக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஏண்டா, இதப் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த?" என்றார். அதுவும் சரிதான். மணல் கொஞ்சம், கூட்டம் நிறைய, பக்கத்து மதுக்கடையின் பாட்டுச் சத்தம் வேறு. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. உட்கார்ந்து இளைப்பாறும் இடம் இல்லை. போனால் அந்த வேலிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். புறப்படும் விமானத்தின் எஞ்சின் காற்று ஆளைத் தூக்கி அடிக்கும். 2017 ஜூலையில் நியூசிலாந்துப் பெண் ஒருவர் அப்படித்தான் இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. அதன் முன்னால் நின்றே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து டாக்சி பிடித்து ஓரியன்ட் பே. தீவில் கப்பல் நிற்கும் பாதி டச்சுக்காரர்களுடையது, ஓரியன்ட் பே இருக்கும் பாதி பிரெஞ்சுக்காரர்களுடையது. 1648 முதல் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லையில் சாவடி எதுவும் இல்லை. ஓரியன்ட் பே நீளமான, வெள்ளை மணல் கடற்கரை, அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அது கிழக்குப் பார்த்தது. அன்றைக்குக் காற்று அடித்த அடியில் குடை நிற்கவில்லை, சாப்பிட்ட பிரெஞ்சு ஃபிரைஸில் பாதி மணல். அப்புறம் அது பிரெஞ்சுப் பக்கம் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். மேலாடை இல்லாமல் வெயில் காய்வது அங்கே சாதாரண விஷயம். அம்மா நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

திரும்பும் வழியில் போக்குவரத்து நெரிசல். கப்பல் கிளம்ப ஐம்பது நிமிடம் இருக்கும்போது டாக்சி ஒரு மேட்டில் நகராமல் நின்றது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இருந்தார், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அன்று முழுக்க ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல நாங்கள் உட்காரவில்லை.

இரண்டாவது முறை போகும் முன் கடலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கரீபியனில் காற்று ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும்தான் வீசும். நம் ஊர்க் கடற்கரையில் கொண்டல் என்பார்களே, அந்தத் திசைக் காற்று, ஆனால் பருவம் பார்க்காமல் அடிப்பது. அதனால் எந்தத் தீவாக இருந்தாலும் கிழக்குக் கரையில் அலையும் காற்றும் அதிகம். மேற்குக் கரைக்குத் தீவே மறைப்பாக நிற்கும், தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடக்கும். கிராண்ட் கேமனின் செவன் மைல், அரூபாவின் ஈகிள், பார்படோஸின் கார்லைல் பே என்று பெயர் பெற்ற அமைதியான கடற்கரைகள் எல்லாம் மேற்கில் இருப்பது தற்செயல் இல்லை. உங்கள் கப்பல் வேறு தீவில் நின்றாலும் முதலில் வரைபடத்தை விரித்து மேற்கு எது என்று பாருங்கள். ஜனவரியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வட அட்லாண்டிக்கில் எங்கோ புயல் அடித்தால் அதன் அலை சில நாள் கழித்து வடக்கு, வடமேற்குக் கரைகளில் வந்து மோதும். அந்த நாட்களில் மேற்குக் கரையும் முரண்டு பிடிக்கலாம்.

கிழக்குக்கு இன்னொரு தலைவலி சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து கூட்டங்கூட்டமாக மிதந்து வந்து கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. அழுக ஆரம்பித்தால் கெட்டுப்போன முட்டை நாற்றம். வசந்தத்திலும் கோடையிலும்தான் இது அதிகம், ஜனவரியில் உங்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

சரி, கிரேட் பேக்கு வருவோம். இது தெற்குப் பார்த்த வளைகுடா, அதனால் கிழக்குக் காற்றும் வடக்கு அலையும் நேராக வந்து மோதாது. பிலிப்ஸ்பர்க் ஊரே ஒரு பக்கம் இந்தக் கடலுக்கும் மறுபக்கம் பழைய உப்பு ஏரிக்கும் நடுவில் ஒரு பட்டை போல உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் இந்தத் தீவுக்கு அடித்துக்கொண்டதே உப்புக்காகத்தான். இன்றைக்குக் கடலோரமாகக் கல் பதித்த நடைபாதை, அதை ஒட்டி உணவகங்கள், அதன் முன்னால் வாடகை நாற்காலிகள். கப்பல்துறையிலிருந்து மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். பெற்றோருக்கு நடக்க முடியாது என்றால் துறையிலேயே வாட்டர் டாக்சி இருக்கிறது, சில டாலருக்கு நாள் முழுவதும் போய்வரலாம். கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள்.

படகு ஊரின் நடுவில் இறக்கிவிடும். எல்லோரும் இறங்கிய இடத்திலேயே நாற்காலி எடுத்துவிடுவார்கள். நீங்கள் இறங்கியதும் கடல் இடது கைப்பக்கம் இருக்கும்படி மேற்கே ஐந்து பத்து நிமிடம் நடங்கள். கூட்டம் மெலிந்துகொண்டே போகும். நாங்கள் இரண்டு நாற்காலி, ஒரு குடை, நான்கு பானம் சேர்த்து 20 டாலர் வாக்கில் கொடுத்தோம். பதினோரு மணிக்கு மேல் அதே ஆட்கள் விலையை ஏற்றிச் சொன்னதையும் கேட்டேன், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். பானத்தைத் தேங்காய்த் தண்ணீராகவோ சோடாவாகவோ மாற்றித் தருவார்கள், கேட்டால் போதும்.

வயதானவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்வதற்கு உண்மையான காரணம் மணலோ தண்ணீரோ இல்லை. கப்பல் பக்கத்தில் இருக்கிறது. அம்மா சைவம். அந்த ஊர்க் கடற்கரைச் சாப்பாட்டில் மீனும் கோழியும்தான் பிரதானம். பன்னிரண்டரைக்குப் படகில் ஏறிக் கப்பலுக்குப் போனோம், தயிரும் சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு (ஊறுகாய் வீட்டிலிருந்து கொண்டுபோனது), அம்மா அரை மணி கட்டிலில் படுத்து எழுந்து, இரண்டு மணிக்கு மறுபடி மணலுக்கு வந்தோம். நல்ல கழிப்பறை, மாத்திரை, மாற்றுத் துணி எல்லாம் கூப்பிடு தூரத்தில். முப்பது டாலர் டாக்சிக்குக் கொடுத்துப் போன எந்தக் கடற்கரையும் இதைத் தராது. கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ எடுத்துக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள், அனுமதி கிடையாது.

வெயில் தாங்கவில்லை என்றால் ஒரு தெரு பின்னால் போனால் ஃப்ரன்ட் ஸ்ட்ரீட், வரிசையாக ஏசி போட்ட நகைக்கடைகள். பலவற்றை நடத்துவது சிந்திக்காரர்கள். அம்மாவின் புடவையைப் பார்த்ததும் ஒரு கடையில் ஹிந்தியில் வரவேற்பு. அம்மா தமிழிலேயே பதில் சொன்னார், அவர் ஹிந்தியிலேயே தொடர்ந்தார், பத்து நிமிடம் இருவரும் எதைப் பற்றியோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். எதுவும் வாங்கவில்லை.

கிரேட் பேயின் குறையையும் சொல்ல வேண்டும். அந்தத் துறையில் ஒரே நேரத்தில் ஐந்தாறு கப்பல்கள் நிற்க முடியும். அப்படிப்பட்ட நாளில் அத்தனை கூட்டமும் இதே மணலில்தான் இறங்கும். க்ரூஸ் துறைமுகங்களின் தேதிவாரிக் கப்பல் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். உங்கள் தேதியில் இரண்டோ மூன்றோ கப்பல் என்றால் யோசிக்காமல் கிரேட் பே. ஐந்து, ஆறு என்றால் மல்லட் பே போங்கள்.

மல்லட் பே மாஹோவிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் வேறு உலகம். அங்கே ஒரு காலத்தில் பெரிய விடுதி இருந்தது, 1995இல் லூயிஸ் புயல் அதை அழித்தது. அதனால் கடலோரத்தில் கட்டடச் சுவர் இல்லை, பின்னால் கோல்ஃப் மைதானம், முன்னால் அகலமான மணல், ஓரத்தில் கடல் திராட்சை மரங்களின் நிழல். உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் வருவார்கள். நான் சொன்ன அந்த வடக்குப் புயலின் அலை வந்தால் மட்டும் தண்ணீரில் இறங்காமல் கரையோடு இருங்கள். விமானம் பார்த்தே ஆக வேண்டும் என்று அப்பா அடம் பிடித்தால் அங்கிருந்து அரை மணி நேரம் மாஹோவை எட்டிப்பார்த்துவிட்டு வரலாம்.

டாக்சிகளில் மீட்டர் கிடையாது. இடத்துக்கு இவ்வளவு என்று அரசு வகுத்த கட்டணம், அதுவும் இரண்டு பேருக்கான கணக்கு, மேற்கொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் கூடுதல். ஏறும் முன் மொத்தம் எவ்வளவு, டாலரில்தானே என்று கேட்டுவிடுங்கள். ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் மல்லட் பேயிலிருந்து இரண்டரைக்கே கிளம்பிவிடுங்கள். சிம்ப்சன் பே பாலத்தைப் படகுகளுக்காகத் தூக்கி நிறுத்துவார்கள், அதற்கப்புறம் பிலிப்ஸ்பர்க் வரை வண்டி எறும்பாக ஊரும். கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் பிடித்த டாக்சிக்கு நிற்காது.

நேரத்திலும் கவனம். ஜனவரியில் தீவின் நேரம் ஃப்ளோரிடாவுக்கு ஒரு மணி முன்னால் ஓடும். சில கப்பல்கள் கடிகாரத்தைத் தீவு நேரத்துக்கு மாற்றும், சில மாற்றாது. கப்பல் மாற்றி, அப்பாவின் கைக்கடிகாரம் மாறாமல் இருந்தால் அவர் நிதானமாக ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். முந்தின நாள் இரவு அறைக்கு வரும் தாளில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து அவர் கடிகாரத்தை நீங்களே சரிசெய்துவிடுங்கள்.

இன்னொன்று, மஞ்சினீல் என்ற மரம். கரீபியன் கடலோரங்களில் வளர்வது, சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், அத்தனையும் விஷம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழை பெய்யும்போது அதன் கீழே நின்றால் சொட்டும் தண்ணீரே போதும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். கடல் திராட்சையின் இலை அப்பளம் போல வட்டமாக, தடியாக இருக்கும், அதன் நிழலில் தாராளமாக உட்காரலாம். வட்ட இலை இல்லாத மரமென்றால் குடைக்குக் காசு கொடுத்துவிடுவது நல்லது.

கிரேட் பேயின் மேற்குக் கோடியில் ஒரு குன்று, அதன் மேல் 1631இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம். அந்தப் பக்கம் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். இரண்டாவது பயணத்தில் மதியத்துக்குமேல் அம்மா கணுக்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். உயரப் போய், இறக்கையை மடக்கி, கல் விழுவது போலத் தொப்பென்று கடலில் விழும், மீனோடு எழும். மீன் கிடைக்காமல் எழுந்தால் அம்மா "அடடா" என்பார். நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று கூப்பிட்டபோது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு புடிக்கட்டும்டா" என்றார். கப்பல் பக்கத்தில்தானே இருந்தது, இருந்தோம்.