முகத்திரை கட்டாயமா? ஆம்பூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: தாய்வீடு கீழக்கரை, புகுந்த வீடு ஆம்பூர். புர்கா போடுவேன், முகம் மூடிப் பழக்கமில்லை. ‘ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) முகம் மூடுவது ஃபர்ளு (கட்டாயக் கடமை), மூடாவிட்டால் தொழுகையே கூடாது’ என்கிறார்கள் நாத்தனார்கள். அடுத்த மாதம் மக்காவுக்கு உம்ரா போகிறோம். இஹ்ராமுக்கென்று (உம்ராவுக்கான கட்டுப்பாட்டு நிலை) தொப்பி வைத்த நிகாப் (முகத்திரை) வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் ஏஜென்ட். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தொழுகையைப் பற்றிக் கவலையே வேண்டாம், சகோதரி. முகம் திறந்து தொழுதால் தொழுகை கூடும். இதில் மத்ஹபுகளுக்குள் சண்டை இல்லை. இதுவரை தொழுததைத் திருப்பித் தொழ வேண்டியதும் இல்லை.

வெளியே போகும்போது மூட வேண்டுமா என்பதில்தான் இமாம்கள் வேறுபடுகிறார்கள். உங்கள் நாத்தனார்கள் சொல்வதற்கு மாறாக, ஹனஃபி மூல நூல்கள் முகத்தை மறைக்க வேண்டிய உறுப்பாக எண்ணவில்லை. வேலூர்ப் பக்கத்து மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஹிதாயா என்ற ஹனஃபி சட்ட நூலில் இது தெளிவாகவே இருக்கிறது. இப்னு ஆபிதீன் போன்ற பிற்கால ஹனஃபி அறிஞர்கள், குழப்பம் வரலாம் என்ற அச்சத்தால் இளம்பெண்கள் அந்நிய ஆண்கள் முன் முகம் திறக்க வேண்டாம் என்றார்கள். சரி, கீழக்கரைக்காரரான உங்கள் ஷாஃபிஈ மத்ஹப்? அங்கேதான் இமாம் நவவி போன்றோரின் பிற்காலத் தீர்ப்பு இன்னும் கடுமை! ‘வெளியே தெரிவதைத் தவிர’ என்ற குர்ஆன் வசனத்துக்கு (24:31) முகமும் கைகளும் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் விளக்கம் தந்தார்கள். மேலாடை என்றார்கள் இன்னொரு நபித்தோழர் இப்னு மஸ்ஊத். நம் காலத்து அறிஞர்களிலும் முகம் மூடுவது கடமை என்றார் சவூதியின் இப்னு பாஸ், கடமையில்லை, ஆனால் சிறப்பு என்றார் ஹதீஸ் அறிஞர் அல்பானி. இத்தனை பெரியவர்கள் பிரிந்து நின்ற ஒன்றில், மூடாதவளைப் பாவி என்பதற்கும் மூடுபவளைக் கேலி செய்வதற்கும் யாருக்கும் உரிமையில்லை.

இஹ்ராமுக்கு வருவோம். இங்கே சட்டம் தலைகீழ். இஹ்ராமில் இருக்கும் பெண் நிகாபும் கையுறையும் அணியக் கூடாது என்று புகாரி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. விமானத்தில் மீகாத்தை (இஹ்ராம் எல்லையை) தாண்டுவதற்குள் நிய்யத் (உம்ராவுக்கான எண்ணம்) வைப்பீர்கள். அதிலிருந்து, தவாஃப் (கஅபாவைச் சுற்றுதல்), ஸஃயி (ஸஃபா, மர்வா இடையே நடத்தல்) முடித்து முடி கத்தரிக்கும் வரை இந்தத் தடை உண்டு. ஆண்கள் பார்வையிலிருந்து மறைக்க விரும்பினால் முகத்தில் படாமல் துணியைத் தொங்கவிடலாம். தொப்பி வந்தது அதற்குத்தான். கட்டாயம் எதுவுமில்லை. காற்றில் துணி முகத்தில் ஒட்டினால் உடனே விலக்கிவிடுங்கள், ஷாஃபிஈ சட்டப்படி பரிகாரம் இல்லை. தெரிந்தே மூடினால்தான் ஃபித்யா (பரிகாரம்): ஒரு ஆடு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது மூன்று நோன்பு. மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இந்தக் கடைசி வரியைச் சில ஏஜென்ட்கள் சொல்லவே மாட்டார்கள். ‘எதற்கும் ஒரு தம் (பரிகாரப் பலி) கொடுத்துவிடுங்கள்’ என்று பஸ்ஸிலேயே ஆட்டுப் பணம் வசூலிப்பார்கள். எந்தத் தவறுக்கு, எந்த மத்ஹப்படி என்று கேளுங்கள், பதில் வராது. ‘பெண்களுக்கான இஹ்ராம் செட்’ என்று விற்பதும் இதே ரகம். பெண்ணுக்கு இஹ்ராமில் தனி உடையே கிடையாது. வீட்டிலிருக்கும் தளர்வான, உடம்பை மறைக்கும் உடுப்பு போதும்.

ஊருக்கு ஊர் மதரஸா இருக்கும் மாவட்டம் நம்முடையது. ஆனாலும் ஒரு பெண் தன் சந்தேகத்தைக் கணவர் வழியாகவோ மைத்துனர் வழியாகவோ அனுப்பி, அது கைமாறிக் கைமாறி வேறு கேள்வியாகப் போய்ச் சேருகிறது. பள்ளிவாசல் கட்டடத்துக்கு வருடா வருடம் வசூல் செய்யும் ஜமாஅத்துகள், வாரத்தில் ஒருநாள் ஓர் ஆலிமாவை (மார்க்கம் படித்த பெண்ணை) உட்கார வைத்துப் பெண்களின் கேள்விகளைக் கேட்க ஏன் ஏற்பாடு செய்யக் கூடாது? அதுவரை உங்கள் கேள்வியை உங்கள் கையாலேயே மதரஸாவுக்கு எழுதுங்கள். ‘நான் ஷாஃபிஈ’ என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்; கல்யாணம் ஆனதால் மத்ஹப் மாறிவிடாது. பதிலை முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பயான் (சொற்பொழிவு) துண்டு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) ஆகாது.