சுவருக்கு அப்பால் பார்ப்பவர்கள்: இணையச் சுடும் விளையாட்டுகளில் ஏமாற்று குறித்த கேள்வி பதில்

இணையவழி ஆடப்படும் சுடும் விளையாட்டுகளில் நடக்கும் ஏமாற்று வேலைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகள் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டுக்கு ஒரு சிறிய சர்வரை (ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியை) நடத்தி, புகார் வந்த ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்து முடிவு சொல்லும் வேலையைச் செய்தவன் நான். ஏமாற்று மென்பொருளை எழுதுவது எப்படி என்று கேட்டிருந்த இருவருக்கு மட்டும் இங்கே பதில் இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): எய்ம்பாட், வால்ஹேக் என்கிறார்களே, இவை எப்படி வேலை செய்கின்றன? இவ்வளவு பெரிய நிறுவனங்களால் இதை ஏன் அடியோடு நிறுத்த முடியவில்லை?

இரண்டையும் நாம் 'ஹேக்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இரண்டின் இயல்பும் வேறு. வால்ஹேக் என்பது தகவல் திருட்டு. நீங்கள் ஆடும்போது எதிரணியினர் எங்கே நிற்கிறார்கள் என்பதை சர்வர் உங்கள் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் சுவருக்குப் பின்னால் இருந்தால் உங்கள் திரை அவர்களை வரைவதில்லை, அவ்வளவுதான். தகவல் உங்கள் கணினியின் நினைவகத்தில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை இன்னொரு நிரல் எடுத்து, சுவரின் மேல் ஒரு கட்டமாக வரைந்து காட்டினால் அதுவே வால்ஹேக். எய்ம்பாட் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு உங்கள் கையின் வேலையையும் தானே செய்கிறது. உங்கள் இடமும் எதிரியின் தலை இருக்கும் இடமும் தெரிந்துவிட்டால், துப்பாக்கியை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்பது பள்ளிக்கூட முக்கோணவியல்தான்.

அடியோடு நிறுத்த முடியாததற்குக் காரணம், ஆட்டத்தின் ஒரு பாதி ஏமாற்றுபவரின் வீட்டில் ஓடுவதுதான். வங்கியின் கணக்குப் புத்தகத்தை வாடிக்கையாளரின் வீட்டில் வைத்துவிட்டு, திறந்து பார்க்காதே என்று சொல்வதைப் போன்றது இது. சுவரை ஊடுருவி நடப்பது, இயல்பை மீறிய வேகத்தில் ஓடுவது போன்ற நடக்கவே முடியாத செயல்களை ஒழுங்காக எழுதப்பட்ட சர்வர் தானே மறுத்துவிடும். எய்ம்பாட்டோ நடக்க முடியாத எதையும் செய்வதில்லை. நல்ல ஆட்டக்காரர் செய்வதையே ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், சென்னை): மறைந்திருக்கும் எதிரியின் இடத்தை சர்வர் அனுப்பாமலே இருந்துவிடலாமே?

என்னைக் கேட்டால், வந்த கேள்விகளில் இதுதான் மிகச் சரியான கேள்வி. இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது. 2020-இல் வெளிவந்த வாலரண்ட் விளையாட்டில் ரயட் நிறுவனம் இதைத்தான் செய்தது. எதிரி உங்கள் பார்வைக்குள் வரப்போகும் தறுவாயில்தான் அவருடைய இடம் உங்கள் கணினிக்கு வந்து சேரும். அதுவரை அவர் உங்கள் கணினியைப் பொறுத்தவரை இல்லாதவர்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். வாலரண்ட் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. அந்த ஒவ்வொரு எட்டு மில்லி நொடிக்குள்ளும், யாருக்கு யார் தெரியக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதோடு, தகவலைத் துல்லியமாகக் கடைசிக் கணத்தில் அனுப்பினால், இணைய வேகம் குறைந்தவருக்கு எதிரி வெற்றுவெளியிலிருந்து திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும். ஆகவே சற்று முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். அந்தச் சிறு இடைவெளி வால்ஹேக் வைத்திருப்பவருக்கு மிச்சமாகிறது. சுவரும் மூலையும் நிறைந்த சிறிய களத்தில் இந்த முறை நன்றாகப் பலிக்கும். 100 பேர் குதித்து இறங்கும் திறந்தவெளிக் களத்தில், புல்வெளியின் மறுகோடியில் படுத்திருப்பவர் உண்மையிலேயே உங்கள் பார்வைக்கோட்டில் இருப்பதால், அவருடைய இடத்தை மறைக்க வழியில்லை.

கேள்வி (பொறியியல் மாணவர், திருச்சி): அப்பட்டமாக ஹேக் போட்டு ஆடியவனைப் பத்து பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தோம். ஒரு வாரமாகியும் ஆடிக்கொண்டிருக்கிறான். நிறுவனம் தூங்குகிறதா?

தூங்கவில்லை என்று உறுதியளிக்க முடியாது; ஆனால் பல நேரங்களில் அது வேண்டுமென்றே செய்யும் தாமதம். கவுண்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பான வாக் 2002-இல் வந்தது. கண்டுபிடித்த கணமே தடை விதித்தால், எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்பதை ஏமாற்று மென்பொருளை எழுதியவர் அன்றைக்கே தெரிந்துகொண்டு அடுத்த நாளே திருத்தி விற்பார் என்பதால், பிடிபட்டவர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, நாள் கழித்து மொத்தமாக வெளியேற்றும் வழக்கம் அதில் வேரூன்றியது. 2023 பிப்ரவரியில் டோட்டா 2 விளையாட்டில் (அது சுடும் விளையாட்டு அல்ல, இருந்தாலும் பாடம் ஒன்றே) 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டன. இயல்பாக ஆடும் எவருடைய கணினியும் தொடாத ஒரு பகுதியில் தரவை வைத்துவிட்டு, அதைப் படித்தவர் யார் யார் என்று வால்வ் பார்த்தது. எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கால் ஆஃப் டியூட்டி என்ற சுடும் விளையாட்டு வேறொரு வழியையும் கையாள்கிறது. அதன் ரிகோஷே அமைப்பு, பிடிபட்டவரை உடனே வெளியேற்றாமல் அவருடைய குண்டுகள் யாரையும் காயப்படுத்தாதபடி செய்துவிடும். அல்லது அவருக்கு மட்டும் தெரியும் போலி எதிரிகளைக் களத்தில் நிறுத்தும். அவர் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் பயன்படுத்தும் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (ஐடி ஊழியர், பெங்களூரு): வாலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், கணினி தொடங்கும்போதே ஓடத் தொடங்குகிறது. இது வேவு பார்ப்பதில்லையா? இதை நம்பலாமா?

விண்டோஸில் சாதாரண நிரல்கள் ஓடும் தளம் ஒன்று. அதற்கு அடியில், எல்லாவற்றையும் ஆளும் கர்னல் ஒன்று. கர்னலில் உட்கார்ந்திருக்கும் நிரல், மேலே இருப்பவர்களுக்குத் தான் விரும்பியதை மட்டும் காட்ட முடியும். ஏமாற்று மென்பொருள்கள் அங்கே முதலில் நுழைந்துவிட்டன. முறையாகக் கையொப்பமிடப்பட்ட, ஆனால் ஓட்டை உள்ள பழைய டிரைவர்களை (வன்பொருளை இயக்கக் கர்னலில் ஓடும் நிரல்களை) பிடித்துக்கொண்டு உள்ளே போவது அவர்களுடைய வழக்கமான பாதை. வாசலில் மட்டும் காவல் நின்றால் கூரையைப் பிரித்து இறங்குபவனைப் பிடிக்க முடியாது என்பதால் தடுப்பு மென்பொருள்களும் கர்னலுக்குள் போயின. தனக்கு முன்னால் எதுவும் நுழைந்து ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே வேன்கார்ட் கணினி தொடங்கும்போதே எழுந்துகொள்கிறது. விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய, கணினி தொடங்கும்போதே காவல் காக்கும் பாதுகாப்பு வசதிகளைக் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013-இல் ஈ.எஸ்.ஈ.ஏ. என்ற அமெரிக்க அமைப்பின் தடுப்பு மென்பொருளுக்குள், ஆட்டக்காரர்களின் கணினிகளைக் கொண்டு பிட்காயின் தோண்டும் நிரல் புகுத்தப்பட்டிருந்தது அம்பலமானது. 2022-இல் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் தடுப்பு டிரைவரை, பணம் பறிக்கும் கும்பல் ஒன்று தன் தாக்குதலில் பயன்படுத்தி வைரஸ் தடுப்பு மென்பொருளைச் செயலிழக்கச் செய்தது. அதற்கு அந்த விளையாட்டு அந்தக் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டிய தேவைகூட இல்லை. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதையும் நினைவில் கொள்ளுங்கள். அதுவும் கர்னலில் ஓடியதுதான். எனவே வேவு பார்க்கிறதா என்று கேட்பதைவிட, இவ்வளவு அதிகாரத்தை அந்த நிறுவனத்திடம் ஒப்படைக்க நீங்கள் தயாரா என்று கேட்டுக்கொள்வதே பொருத்தம். நான் விளையாடும் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. என் முடிவு அவ்வளவுதான்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதில் இழப்பு உண்டு. ஏமாற்றைக் காரணம் காட்டி ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற சுடும் விளையாட்டு 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடியது. லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வைத்திருந்தவர்களும் அதோடு வெளியேற்றப்பட்டார்கள்.

கேள்வி (ஆட்டக்காரர், மதுரை): எதிரி ஏமாற்றுகிறானா, நிஜமாகவே திறமைசாலியா என்று ஆட்டப் பதிவைப் பார்த்து எப்படிச் சொல்வது?

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என் சர்வரில் ஒருவர் மூலையைத் திரும்பும்போதே சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தார். மூன்று சுற்றுகளைப் பார்த்துவிட்டு அவரைத் தடைசெய்தேன். அவர் முழு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லி மன்றாடினார். ஒலியைக் கூட்டி வைத்துப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு முறையும் எதிரியின் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது புரிந்தது. நான் ஒலியில்லாமல் பார்த்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், அவர் திரும்பி வரவில்லை.

இணைய ஆட்டத்தில் நம் கண்ணே நம்மை ஏமாற்றும். ஒளிந்து காத்திருப்பவரைவிட, மூலையிலிருந்து வெளியே பாய்பவருக்கு எப்போதும் சாதகம் உண்டு. இருவருக்கும் பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 60 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால், அவர் பாய்ந்த செய்தி சர்வருக்குப் போக 30 மில்லி நொடி, அங்கிருந்து உங்களுக்கு வர 30 மில்லி நொடி. அந்த 60 மில்லி நொடியும் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்கு 200 மில்லி நொடி அளவு தேவைப்படும்போது இது சிறிய தொகை அல்ல. அவர் பார்த்தவுடனே சுட்டுவிட்டார் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள்; அவருடைய திரையிலோ அவர் நிதானமாகத்தான் சுட்டிருப்பார்.

ஆகவே கொன்ற கணங்களை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள். அவர் எதைச் செய்யாமல் விடுகிறார் என்று பாருங்கள். நேர்மையான ஆட்டக்காரர் ஆள் இல்லாத மூலைகளையும் சோதித்துக்கொண்டே போவார், ஏனென்றால் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. வால்ஹேக் வைத்திருப்பவருக்கு அந்த வீண்வேலை சலித்துவிடும். சத்தமே எழாத இடத்தில், சுவருக்குப் பின்னால் நகரும் எதிரியோடு அவருடைய குறியும் கூடவே நகரும். கெட்டிக்காரர்கள் இதையும் நடித்து மறைப்பார்கள் என்பது உண்மை. ஆனால் முப்பது சுற்றுகள் முழுவதும் தெரியாததைப் போல நடிப்பது எளிதல்ல. எங்கேயாவது ஓரிடத்தில், தெரிந்திருக்கவே முடியாத ஒன்றின்படி முடிவெடுத்துவிடுவார்கள். அப்படி ஓரிடம் போதாது, பல இடங்கள் வேண்டும்.

கேள்வி (தரவு ஆய்வாளர், ஹைதராபாத்): இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடமே விட்டுவிடலாமே? 99 விழுக்காடு துல்லியம் கிடைத்தால் போதாதா?

போதாது. 10,000 பேரில் 100 பேர் ஏமாற்றுகிறார்கள் என்று கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் கருவி அந்த நூறு பேரில் 99 பேரைப் பிடிக்கும். மிச்சமுள்ள 9,900 நேர்மையானவர்களில் ஒரு விழுக்காடு, அதாவது இன்னொரு 99 பேரையும் அது பிடிக்கும். பிடிபட்டவர்களில் சரிபாதிப் பேர் குற்றமற்றவர்கள்.

அதனால்தான் வால்வ் கருவியை நீதிபதியாக்காமல், புகார் கொடுப்பவராக வைத்தது. சுடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் குறி எப்படி அசைகிறது என்பதைக் கற்றுக்கொண்ட வாக்நெட் என்ற அந்தக் கருவி, சந்தேகத்துக்குரிய ஆட்டங்களை ஓவர்வாட்ச் என்ற முறையின் கீழ் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கு அனுப்பியது. பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் மனிதர்கள். மனிதர்கள் அனுப்பிய புகார்களில் 15 முதல் 30 விழுக்காடும், வாக்நெட் அனுப்பியவற்றில் 80 முதல் 95 விழுக்காடும் குற்றம் உறுதியானதாக 2018-இல் வால்வ் பொறியாளர் ஒருவர் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அதாவது நாம் கோபத்தில் அடிக்கும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பகுதி, தோற்றதற்கான ஆற்றாமை.

கேள்வி (அணி மேலாளர், சேலம்): நேரில் நடக்கும் போட்டிகளில் ஏமாற்ற வழியில்லை அல்லவா?

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் வீரர் ஒருவருடைய கணினியை நடுவர்கள் சோதித்தபோது, வேர்ட் மென்பொருளைப் போலப் பெயரிடப்பட்ட ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது குறி வைக்க உதவும் ஏமாற்று நிரல். அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, சில நாட்களில் கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவரோடு ஆடிய மற்ற நால்வரின் உழைப்பும் அந்த ஒரு கோப்போடு போயிற்று; இந்திய ஆட்டக்காரர்கள் மீது வெளிநாடுகளில் விழுந்த சந்தேகப் பார்வை விலக நெடுங்காலம் ஆனது.

2020-இல் வந்த விவகாரம் இன்னும் விசித்திரமானது. பயிற்சியாளர் ஒருவர் களத்தின் ஓரிடத்தில் நிலைத்த கேமராவாக நின்று எதிரணியைப் பார்க்க முடிகிற ஒரு பிழை கவுண்டர் ஸ்ட்ரைக்கிலேயே இருந்தது. எந்த ஹேக்கும் தேவைப்படவில்லை; பிழையைப் பற்றி வெளியே சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டாலே போதும். அந்த ஆண்டு 37 பயிற்சியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், ஈரோடு): என் மாணவர்கள் எல்லோரும் கைபேசியில் பிஜிஎம்ஐ என்ற சுடும் விளையாட்டை ஆடுகிறார்கள். அங்கே நிலைமை என்ன?

அடிப்படை ஒன்றே. ரூட் செய்த (அதாவது இயங்குதளத்தின் பூட்டுகளை உடைத்த) ஆண்ட்ராய்டு கைபேசி, ஏமாற்று நிரலுக்கு முழு அதிகாரம் தருகிறது. மாற்றி எழுதப்பட்ட ஏபிகே கோப்புகள் (செயலியை நிறுவும் கோப்புகள்) சமூக ஊடகக் குழுக்களில் கைமாறுகின்றன. மாணவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு, அப்பாவின் யுபிஐ செயலியும் ஓடிபியும் இருக்கும் கைபேசியில் முழு அதிகாரம் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி (சட்ட மாணவர், சென்னை): இது சட்டப்படி குற்றமா?

நாட்டைப் பொறுத்தது. தென்கொரியா 2016-இல் சட்டத்தைத் திருத்தி, ஏமாற்று மென்பொருளை உருவாக்கிப் பரப்புவதைச் சிறையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியது. சீனாவின் குன்ஷான் நகரக் காவல்துறை 2021-இல் டென்சென்ட் நிறுவனத்தின் உதவியோடு ஒரு பெரிய விற்பனைக் கும்பலைப் பிடித்தது. அமெரிக்காவில் இவை பெரும்பாலும் உரிமையியல் வழக்குகள்; எஞ்சின்ஓனிங் என்ற ஏமாற்று மென்பொருள் விற்பனையாளருக்கு எதிராக 2024-இல் ஆக்டிவிஷன் 1.4 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்புப் பெற்றது. பெரும்பாலும் குறி வைக்கப்படுபவர் விற்பவர்தான், வாங்கும் பையன் அல்ல.

கேள்வி (பெயர் வேண்டாம் என்கிறார்): நான் எதுவும் செய்யவில்லை, கணக்குத் தடையாகிவிட்டது. டெலிகிராமில் ஒருவர் 2,000 ரூபாய்க்குத் தடையை நீக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், தடையை நீக்கும் அதிகாரம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, அவரிடம் இல்லை. நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் முறையீடு அனுப்புங்கள். கடைசியாக ஆடிய நாள், பயன்படுத்திய கருவி, கணக்கை வேறு யாராவது பயன்படுத்தினார்களா என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தம்பியோ அறை நண்பரோ உங்கள் கணக்கில் ஆடியிருந்தால், முறையீட்டை எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.