சன்ஷைன் பட்டியலில் உள்ள தொகை எதைச் சொல்கிறது? – கேள்வி பதில்

ஒன்ராறியோவில் அரசுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்களில் ஓராண்டில் 100,000 டொலர் அல்லது அதற்கு மேல் சம்பளம் பெற்றவர்களின் பெயர்களை மாகாண அரசு ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதிக்குள் வெளியிடுகிறது. மக்கள் இதனைச் சன்ஷைன் பட்டியல் என்று அழைக்கிறார்கள். பொதுத்துறைச் சம்பளக் கணக்குப் பிரிவுகளில் நீண்டகாலம் பணியாற்றி, இப்பட்டியலுக்கான விவரங்களைத் தொகுத்து அனுப்பும் பொறுப்பையும் வகித்த எங்கள் உறுப்பினர் ஒருவர், மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (அண்மையில் குடியேறியவர்): ஐயா, இந்தப் பட்டியல் எப்போது தொடங்கியது? யார் யாருடைய பெயர்கள் இதில் வரும்?

1996ஆம் ஆண்டு, மைக் ஹாரிஸ் முதல்வராக இருந்தபோது நிறைவேறிய பொதுத்துறைச் சம்பள வெளிப்படுத்தல் சட்டத்தின்படி இது வெளியாகிறது. மாகாண அமைச்சுகள், நகரசபைகள், மருத்துவமனைகள், கல்விச் சபைகள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், ஒன்ராறியோ பவர் ஜெனரேஷன் போன்ற அரசுடைமை நிறுவனங்கள் ஆகியவற்றோடு, மாகாணத்திடமிருந்து பெருந்தொகை நிதியுதவி பெறும் இலாபநோக்கற்ற அமைப்புகளும் இதில் அடங்கும். மத்திய அரசின் ஊழியர்கள் அடங்கமாட்டார்கள். அவர்களுடைய பதவிகளுக்கான சம்பளப் படிநிலைகள் வெளியிடப்படுகின்றனவே தவிர, இவ்வாறான பெயர்ப்பட்டியல் அவர்களுக்கு இல்லை. பெயர், பதவி, நிறுவனம், வழங்கப்பட்ட சம்பளம், வரிக்குட்பட்ட சலுகைகள் ஆகியவற்றையே பட்டியலில் காண்பீர்கள்.

கேள்வி (தாதி ஒருவர்): 2023ஆம் ஆண்டுக்கான பட்டியலில் என் பெயர் முதன்முறையாக வந்தது. அதிலுள்ள தொகை என் உண்மையான சம்பளத்தைவிட மிகவும் அதிகம். உறவினர்கள் நான் எதையோ மறைத்ததுபோலப் பேசுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பட்டியலைப் பற்றி எழும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பட்டியலில் உள்ள தொகை உங்கள் சம்பள விகிதம் அல்ல. அந்த நாட்காட்டி ஆண்டுக்குள், சனவரி முதல் திசம்பர் வரை, வரி பிடிக்கும் முன் உங்களுக்கு வழங்கப்பட்ட வேலை வருமானத்தின் மொத்தமே அது. மேலதிக நேர வேலைக்கான பணம், எடுக்காத விடுமுறைக்குப் பதிலாகக் கிடைத்த பணம், முந்தைய ஆண்டுகளுக்கான நிலுவை என எல்லாம் பணம் வழங்கப்பட்ட ஆண்டின் கணக்கிலேயே விழும்.

உங்கள் விடயத்தில் நிலுவையே முக்கிய காரணமாக இருக்கலாம். 2019ஆம் ஆண்டின் 124ஆம் இலக்கச் சட்டம் பொதுத்துறை ஊழியர்களின் சம்பள உயர்வை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் என்று கட்டுப்படுத்தியது. 2022 நவம்பரில் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும், தொழிற்சங்கத்தில் உள்ள ஊழியர்களைப் பொறுத்தவரை, அதே முடிவுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, நடுவர் தீர்ப்புகளின்படி தாதியருக்கும் ஆசிரியருக்கும் முந்தைய ஆண்டுகளில் மறுக்கப்பட்ட உயர்வு மொத்தமாக வழங்கப்பட்டது. பல ஆண்டுகளின் உழைப்புக்கு உரிய பணம் ஓர் ஆண்டின் தொகையாகப் பட்டியலில் தோன்றியது. பார்ப்பவர் அதனை ஒரே ஆண்டின் ஊதியம் என்று எண்ணுகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சம்பளம் வழங்கும் நிறுவனங்களில் வழக்கமாக ஆண்டுக்கு 26 சம்பள நாட்கள் வரும். சில ஆண்டுகளில் 27 வரும். 100,000 டொலர் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒருவர், ஒரு சத உயர்வும் பெறாமலேயே, அந்த ஆண்டில் பட்டியலுக்குள் வந்துவிடுவார். உறவினர்களுக்கு, உங்கள் தொழிற்சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்திலுள்ள மணித்தியால விகிதத்தைக் காட்டுங்கள். அது எவரும் பார்க்கக்கூடிய ஆவணம்தான்.

கேள்வி: என் மச்சான் காவல்துறையில் கொன்ஸ்டபிள். பட்டியலில் அவருக்குப் பெரிய தொகை காட்டப்பட்டிருக்கிறது. ஒரு கொன்ஸ்டபிளுக்கு அவ்வளவு சம்பளமா?

மேலே சொன்னதேதான்: அது சம்பள விகிதம் அல்ல, அந்த ஆண்டில் வழங்கப்பட்ட மொத்தம். காவல்துறையிலும் தீயணைப்புத் துறையிலும் மேலதிக நேரப் பணம் கணிசமாகச் சேரும். ஆட்பற்றாக்குறையைப் புதிய நியமனங்களால் நிரப்பாமல் மேலதிக நேரத்தால் நிரப்புவது மேலாளர்களின் முடிவு. அந்த முடிவைக் கேள்வி கேட்க விரும்பினால் நகரசபையின் வரவுசெலவுத் திட்டத்தைப் பாருங்கள். மச்சானின் பெயரைத் தேடுவதால் அது விளங்காது.

கேள்வி: எங்கள் குடும்ப மருத்துவரின் பெயர் ஏன் பட்டியலில் இல்லை? அவருக்கும் அரசுதானே பணம் தருகிறது?

மாகாண மருத்துவக் காப்புறுதியிடம் சேவைக்கேற்பப் பணம் பெறும் மருத்துவர் சட்டத்தின் பார்வையில் ஊழியர் அல்லர். அவர் பெறுவது சம்பளமும் அன்று. அத்தொகையிலிருந்துதான் தம் அலுவலக வாடகையையும் பணியாளர் சம்பளத்தையும் அவர் கொடுக்கிறார். மிக அதிகத் தொகை பெற்ற 100 மருத்துவர்களின் பெயர்களை ரொறன்ரோ ஸ்டார் நாளிதழ் கோரியபோது, மாகாணத் தகவல் மற்றும் தனியுரிமை ஆணையர் 2016இல் அவற்றை வெளியிட உத்தரவிட்டார். மருத்துவர் தரப்பு நீதிமன்றம் சென்றது. 2019இல் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததோடு அவ்வழக்கு முடிந்தது. ஆனாலும் அது தகவல் அறியும் உரிமையின் வழியே கிடைத்தது. சன்ஷைன் பட்டியலின் வழியே அன்று.

கேள்வி: ஓய்வூதியம் பட்டியலில் வருமா?

வராது.

கேள்வி: என் பெயரை நீக்கும்படி கேட்கலாமா? சம்மதம் கேட்கப்படவே இல்லையே.

சட்டம் உங்கள் சம்மதத்தை எதிர்பார்ப்பதில்லை. பெயரோ பதவியோ தொகையோ பிழையாக இருந்தால் மட்டும் உங்கள் நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். அல்பேர்ட்டாவில் இதே நோக்கமுடைய 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று காட்டினால் விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. வன்முறையான துணைவரிடமிருந்து தப்பிவந்து, பெயரும் வேலையிடமும் யாருக்கும் தெரியக்கூடாத நிலையில் வாழும் பெண்களை நினைத்தால், அத்தகைய வழி எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

கேள்வி (கல்விச் சபை ஆசிரியர்): 1996இல் வைத்த 100,000 டொலர் எல்லையை இன்னும் உயர்த்தாமல் இருப்பது நியாயமா?

நியாயம் அன்று. விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், 1996இன் 100,000 டொலர் இன்றைய 180,000 டொலருக்கும் மேலானது. முதற்பட்டியலில் சில ஆயிரம் பெயர்களே இருந்தன. 2023ஆம் ஆண்டுக்கான பட்டியல் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. அன்று அது அதிகாரமுள்ள சிலரைக் கண்காணிக்கும் பட்டியலாக இருந்தது. இன்று பல கல்விச் சபைகளில் உச்சப் படியை எட்டிய வகுப்பாசிரியரும் அதில் இருக்கிறார். அல்பேர்ட்டா தன் எல்லையை ஆண்டுதோறும் சரிசெய்கிறது. இங்கே செய்ய முடியாது என்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற வரியிறுப்பாளர்): ஐயா, இதனை நான் ஏற்கமாட்டேன். எல்லையை உயர்த்துவது என்றால் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சம்பளத்தை மறைப்பது. என் வரிப்பணம் எங்கே போகிறது என்று அறிய எனக்கு உரிமை இல்லையா?

உரிமை உண்டு. அந்த உரிமையை நானும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. கலிபோர்னியாவில் பெல் என்ற சிறு நகரத்தின் நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 800,000 டொலர் பெற்றுவந்தது 2010இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் வெளியிட்ட பிறகுதான் தெரிந்தது. ஊர்மக்களில் பலர் ஏழைகள். எண்கள் மறைவாக இருந்ததால்தான் அது அத்தனை காலம் நடந்தது. அதன் பின்னர் அம்மாநிலம் எல்லா நகரங்களின் சம்பளங்களையும் இணையத்தில் வெளியிடச் செய்தது. அதன் விளைவைப் பொருளியலாளர் அலெக்சாந்தர் மாஸ் ஆராய்ந்தார். புதிதாக வெளிப்படுத்த நேர்ந்த நகரங்களில் மேலாளர்களின் ஊதியம் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது. அவர்கள் வேலையை விட்டு விலகும் வீதமோ 75 சதவீதம் உயர்ந்தது. மிகையான ஊதியம் மட்டும் வெட்டப்பட்டதா, அல்லது மக்களின் கோபத்துக்குப் பணிந்து தகுதியான ஊதியமும் வெட்டப்பட்டதா என்பதைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

நான் கேட்பது மறைப்பதை அன்று. உயர்த்தப்பட்ட எல்லைக்கு மேலே பெயரோடு வெளியிடட்டும். அதற்குக் கீழே பதவி, நிறுவனம், தொகை ஆகியவற்றைப் பெயரின்றி வெளியிடட்டும். அப்போது வரிப்பணத்தில் ஒரு சதமும் உங்கள் கண்ணிலிருந்து மறையாது. ஓர் ஆசிரியையின் பெயரை அவருடைய அயலவர் தேடிப் பார்ப்பதால் எந்த ஊழல் வெளிவந்தது என்று சொல்லுங்கள்.

கேள்வி (பல்கலைக்கழக விரிவுரையாளர்): இந்த விவாதத்தில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர்கள் இருந்ததால்தான், எனக்குப் பின் சேர்ந்த ஆண் சக ஊழியர் என்னைவிட அதிகம் பெறுவது எனக்குத் தெரியவந்தது. பெயரை நீக்கினால் இது எப்படித் தெரியும்?

இது நான் மதிக்கும் எதிர்வாதம். கனடிய மாகாணங்களின் வெளிப்படுத்தல் சட்டங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, பல்கலைக்கழக ஆசிரியர்களிடையே ஆண் பெண் சம்பள இடைவெளி அச்சட்டங்களால் 20 முதல் 40 சதவீதம் வரை குறைந்தது என்று கண்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரின் சம்பளமும் தனித்தனியே பேசி முடிவாகும் பணிகளில் பெயர்கள் இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாதியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நிலைமை வேறு. அவர்களுடைய சம்பளத்தைத் தகுதியும் அனுபவ ஆண்டுகளும் தீர்மானிக்கின்றன, அட்டவணை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சட்டம் இவ்விரு வகையினரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதைவிட இதுவே முக்கியமான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: என் தங்கையின் பெயருக்கு எதிரே 131,000 என்று இருக்கிறது. அதுதான் அவளுடைய சம்பளமா?

தாதிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். அத்தொகை சம்பள விகிதம் அல்ல.

கேள்வி: பட்டியலில் உள்ள நிறுவனம் ஒன்றில் வேலை கிடைக்க என்ன படிக்க வேண்டும்?

இது என் துறை அன்று. வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற வரியிறுப்பாளர், மறுபடியும்): சரி ஐயா, பெயரின்றி வெளியிடலாம் என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைய பட்டியல் எதைத்தான் காட்டாமல் விடுகிறது?

நிறுவனங்களுக்குச் செல்லும் பணத்தை. ஒரு மருத்துவமனை தன் தாதிக்கு நேரடியாகச் சம்பளம் கொடுத்தால் அவர் பெயர் பட்டியலில் வரக்கூடும். அதே வேலைக்குத் தனியார் முகவர் நிறுவனத்திடமிருந்து தாதியை அமர்த்தி, மணித்தியாலத்துக்கு அதைவிட அதிகமாகக் கட்டினாலும், அத்தொகை பட்டியலில் இராது. வெளி ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் கட்டணமும் அவ்வாறே. தலைமை அதிகாரியின் ஊக்கத்தொகை எந்த இலக்கை எட்டியதற்காக வழங்கப்பட்டது என்பதும் அதில் இல்லை. நீங்கள் வாழும் நகரத்தின் மருத்துவமனை முகவர் நிறுவனங்களுக்கு எவ்வளவு கட்டியது என்று தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். கேள்வியில் ஆண்டையும் செலவு வகையையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் தேடுதலுக்கான கட்டணம் கூடிவிடும்.