புது வரி (ரோ) நுழைத்த பிறகு கணக்கு ஏன் தப்புகிறது? எக்செல் கேள்வி பதில்

கேள்வி: செலவுப் பட்டியலின் நடுவில் வரி நுழைத்தால் மொத்தம் சரியாக வருகிறது. முதல் வரிக்கு மேலே நுழைத்தால் மட்டும் அந்தத் தொகை சேர்வதில்லையே?

பதில்: ஃபார்முலா சி2 (சி நெடுவரிசையின் 2-வது வரி) முதல் சி10 வரை கூட்டுகிறது என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் நுழைவதைத்தான் எக்செல் உள்ளே சேர்க்கும். சி2-க்கு மேலே நுழைத்தால் தொடக்கமே சி3-க்கு இறங்கிவிடும். மொத்தத்தை ஒட்டி மேலே நுழைத்தால் சில சமயம் தானே நீண்டுகொள்ளும், சில சமயம் நீளாது. நான் மொத்தத்துக்கு மேல் ஒரு வெற்று வரி விட்டு, சாம்பல் நிறம் கொடுத்து, தலைப்பிலிருந்து அந்தச் சாம்பல் வரி வரை கூட்டச் சொல்வேன். தலைப்பு எழுத்தாக இருந்தால் கூட்டலில் வராது. ‘2024’ என்று வெறும் எண்ணாக இருந்தால் அதையும் கூட்டிவிடும், கவனம்.

கேள்வி: ஸ்டாக் பட்டியலில் 7-வது வரியின் விலை விட்டுப்போய், கீழே எல்லா விலையும் ஒரு வரி மேலே ஏறியிருந்தது. விலைப் பகுதியில் மட்டும் ஒரு செல் (கட்டம்) நுழைத்துச் சரிசெய்தேன். தொகை இன்னும் பழையதுதான் காட்டுகிறது.

பதில்: இதுதான் எனக்கு மிகவும் பயமான தவறு. பிழை என்று எதுவும் திரையில் வராது. பார்க்க எல்லாம் நேராக இருக்கும். ஆனால் ஃபார்முலா பழைய செல்லின் பின்னாலேயே போகிறது. அளவு பி-யிலும் விலை சி-யிலும் இருந்தால், பி7-ஐ சி7-ஆல் பெருக்கியது, இப்போது சி8-ஆல் பெருக்குகிறது. நீங்கள் புதிதாக எழுதிய விலையை யாருமே எடுக்கவில்லை. கீழே எல்லா வரியும் ஒரே மாதிரி தவறியிருப்பதால் சந்தேகமான செல்லின் மூலையில் எக்செல் காட்டும் பச்சை முக்கோணத்தையும் நம்ப முடியாது. கடைசிப் பொருளின் தொகை பூஜ்யமாக நிற்கிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். 6-வது வரியின் ஃபார்முலாவைக் கடைசிவரை மறுபடி இழுத்துவிடுங்கள், சரியாகிவிடும். இனி முழு வரியாகவே நுழையுங்கள்.

கேள்வி: செல் முகவரி மாறாமல் இருக்க $சி$7 என்று டாலர் குறி போட்டிருந்தேன், அப்படியும் நகர்ந்துவிட்டதே?

பதில்: டாலர் குறி நகலெடுக்கும்போதுதான் காக்கும். நுழைக்கும்போது காக்காது.

கேள்வி: வீலுக்கப் (பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ஃபார்முலா) போட்ட ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன். விலை வர வேண்டிய இடத்தில் அளவு வருகிறது.

பதில்: எத்தனையாவது நெடுவரிசை என்று ஃபார்முலாவுக்குள் ‘3’ எனக் கையால் எழுதிய எண் தானாக 4 ஆகாது. அந்த எண்ணே தேவைப்படாத ஃபார்முலாவுக்கு மாறுங்கள்: புதிய எக்செல் இருந்தால் எக்ஸ்லுக்கப், இல்லையென்றால் இண்டெக்ஸும் மேட்ச்சும்.

கேள்வி: நாலைந்து வரி விட்டுப்போனால் அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010-ல் அரசுக் கடனைப் பற்றி எழுதிய கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. 49-வது வரி வரை போக வேண்டிய சராசரி 44-லேயே நின்று, ஆஸ்திரேலியா, கனடா உட்பட 5 நாடுகள் விட்டுப்போயிருந்தன. வேறு குறைகளும் இருந்தன. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர்தான் ஷீட்டைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

கேள்வி: 600 வரியை எப்படிச் சோதிப்பது?

பதில்: கன்ட்ரோலுடன், எண் 1-க்கு இடப்பக்க விசையை அழுத்துங்கள். விடைகள் மறைந்து ஃபார்முலாக்கள் தெரியும். நுழைத்த இடத்துக்கு மேலும் கீழும் பத்து வரி படியுங்கள், அப்புறம் மொத்தத்தின் எல்லையைப் பாருங்கள். அதே விசையை மறுபடி அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.