பனங்காடை குறைந்துவருகிறது என்கிறார்கள். பறவை பற்றிப் படிக்காத ஒருவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

நான் படித்தது பத்தாம் வகுப்பு. சாயல்குடிக்குத் தெற்கே கன்னிராஜபுரம், நரிப்பையூர் பக்கத்துக் கடலோர ஊர்களில் பதினாறு வருடமாகத் தபால் கொடுக்கிறேன். பறவை பார்க்க ஆரம்பித்தது அந்த வேலையால்தான்.

முதலில் பறவை எது என்று சொல்லிவிடுகிறேன். பேரைக் கேட்டதும் காடை வறுவல் நினைவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காடை வேறு. பனங்காடை ஏறக்குறைய புறா அளவு இருக்கும். தலை பெரிது. கரண்டுக் கம்பியில் மங்கின பழுப்பாக, தூங்குவதுபோல உட்கார்ந்திருக்கும். கீழே வெட்டுக்கிளியைக் கண்டு பாய்ந்தால்தான் அது யார் என்று தெரியும். கரையோரக் கடலின் வெளிர்நீலமும் ஆழக்கடலின் கருநீலமும் இறக்கையில் பட்டை பட்டையாக விரியும். தெலங்கானாவில் இது மாநிலப் பறவை, தசரா அன்று கண்ணில் பட்டால் நல்லது என்பார்கள். நம் ஊரில் அப்படி யாரும் தேடிப் பார்ப்பதில்லை, அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். கும்பிடுவதற்காகப் பிடித்துக் கூண்டில் அடைப்பவர்களும் வடக்கே உண்டு.

குறைகிறதா என்றால், ஆமாம். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 பறவையினங்களை அலசியது. பனங்காடை வேகமாகக் குறைவதைப் பார்த்து, எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் செம்பட்டியலில் அதன் இடத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கைக்கு ஆதாரமாக இருந்தவை 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இ-பேர்ட் செயலியில் ஏற்றிய 3 கோடிப் பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு பறவை பார்க்கிறவர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதியை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு வருடம் ஒரு நோட்டில் பனங்காடையைப் பார்த்த நாளை மட்டும் எழுதிவைத்தேன். பெருமையாக ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பார்க்காத நாள் எத்தனை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பார்க்காத நாள் என்பதே அந்த நோட்டில் கிடையாது. அப்படி எழுதினால் பறவை எவ்வளவு குறைந்தாலும் நோட்டுக்குத் தெரியாது. இரண்டு வருட உழைப்பு, அநேகமாக வீண்.

இப்போது எழுதுகிற முறை வேறு. ஒரே பாதை, ஒரே நேரம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணிலும் காதிலும் பட்ட எல்லாப் பறவைகளையும் எழுதுகிறேன். காகம், மைனா, சிட்டு, ஓலைக்குள் கூடு கட்டும் பனை உழவாரன், எதையும் விடுவதில்லை. பார்த்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று செயலி கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் பட்டியலில் பனங்காடை இல்லாததும் ஒரு தகவலாகிவிடும். அப்புறம், தையில் எடுத்த கணக்கைத் தையோடு ஒப்பிடுங்கள், வைகாசியோடு வேண்டாம். பருவத்துக்கேற்ப இது இடம் நகரும் பறவை.

இன்னொரு தப்பும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டின் படத்தை இடத்தோடு சேர்த்து வாட்ஸப்பில் போட்டேன். அடுத்த வாரம் பக்கத்துப் பொந்திலிருந்த கிளிக்குஞ்சுகளைக் காணோம். என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றோடு கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சரி, கணக்கெடுத்தால் மட்டும் பறவை பிழைக்குமா என்று கேட்பீர்கள். பிழைக்காது. அதற்கு வீடு வேண்டும். பனங்காடை தானாகப் பொந்து குடையாது. நம் பக்கம் அதற்கு ஏற்ற வீடு, கொண்டை முறிந்து பட்டுப்போன மொட்டைப் பனை. வெளியே வைரம் பாய்ந்து கெட்டியாக நிற்கும், உள்ளே சோற்றுப்பகுதி மக்கிக் குழியாகும். கிளி, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் அதே வீட்டுக்குப் போட்டி போடும். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆனால் பட்ட மரம் என்றால் அதையும் மரமாக யாரும் மதிப்பதில்லை. பனங்கொட்டை ஊன்றுவோரை நான் குறை சொல்லவில்லை, நானே ஊன்றியிருக்கிறேன். இருந்தாலும் இன்று ஊன்றிய கொட்டை வடலியாகி, பாளை விடவே பதினைந்து இருபது வருடம் ஆகும். அது முதிர்ந்து, பட்டு, பொந்து விழுவதை நானோ நீங்களோ பார்க்கப் போவதில்லை. இருக்கிற மொட்டைதான் இப்போதைய வீடு.

என் பாதையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். முதியோர் பணம் கொடுக்கப் போவேன். அவர் தோட்டத்து ஓரத்தில் ஒரு மொட்டைப் பனை. மாசியிலேயே ஒரு ஜோடி அதைச் சுற்றிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. செங்கல் சூளைக்கு விலை பேச ஆள் வந்திருந்தான்.

"பட்ட மரம் நிக்கிறதாலே யாருக்கு என்ன தம்பி லாபம்?" என்றார்.

கூட்டைக் காட்டினேன்.

"அந்தக் குருவியா? அது கத்துற கத்துல மத்தியானம் கண்ணசர முடியலையே!"

அதற்கு நான் என்ன சொல்ல? ஆனி முடியும் வரை மட்டும் விடுங்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு மேலே சாய்கிற மாதிரி நின்றிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். ஆள் மேல் விழும் மரத்துக்காக வாதாடக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார், மகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். குஞ்சுகள் பறந்த பிறகு, ஆடிக்காற்றில் மரம் தானே வேலிப் பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த மாசியில் பணம் வாங்கக் கைநாட்டு வைத்துக்கொண்டே, "உன் குருவி இப்ப கிணத்தடி மொட்டைக்குப் போயிருச்சு" என்றார். எனக்கு முன்பே பார்த்திருக்கிறார்.

நீங்கள் தொடங்க நினைத்தால் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல வாசல். வீட்டு வாசலில் நின்றே செய்யலாம். வனத்துறை கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது, எனக்கு ஐந்து வருடம் இல்லாமல்தான் ஓடியது. காலையில் சீக்கிரம் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் நம் பக்கம் கம்பியில் காக்கைதான் மிஞ்சும். அதையும் எழுதுங்கள்.